பிர்லா மாளிகை தானமா?

கேள்வி: டெல்லியில் காந்தி கடைசி நாட்களில் தங்கியிருந்த மாளிகையை பிர்லா குடும்பம் நாட்டுக்குத் தானமாகக் கொடுத்ததாமே? அது இருக்கட்டும், எளிமை பேசிய காந்திக்குக் கோடீஸ்வரர் வீடு எதற்கு? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: தானம் இல்லை, கிரயம். கன்ஷியாம்தாஸ் பிர்லா 1928-ல் கட்டிய வீடு அது. மத்திய அரசு இழுபறியாகப் பேரம் பேசி, 1971-ல் கன்ஷியாம்தாஸின் மகன் கே.கே. பிர்லாவிடமிருந்து 54 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியது. நினைவகமாகத் திறந்தது 1973 ஆகஸ்ட் 15 அன்று. காந்தி இறந்து 25 வருடம் கழித்து! அந்தத் தாமதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தேசம் காசு கொடுத்து மீட்ட இடத்தைத் தயவுசெய்து தானம் என்று சொல்லாதீர்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. அதற்கு முன்பும் டெல்லி வந்தபோது காந்தி பிர்லா வீட்டில் தங்கியதுண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1947 செப்டம்பர் 9 அன்று கல்கத்தாவிலிருந்து அவர் வந்து இறங்கியபோது போக நினைத்தது வால்மீகி காலனிக்கு, துப்புரவுத் தொழிலாளர்கள் வாழும் இடத்துக்கு. அங்கே பிரிவினை அகதிகள் நிரம்பி வழிந்தார்கள். டெல்லியில் வெட்டும் குத்துமாக இருந்த நேரம். ஸ்டேஷனுக்கு வந்த பட்டேல்தான் நிலைமையைச் சொல்லி பிர்லா மாளிகைக்கு அழைத்துப் போனார்.

அங்கே 144 நாட்கள். அதை சொகுசு வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். தரைத்தளத்தில் ஓர் அறை. வீடிழந்த இந்துக்களும் சீக்கியர்களும் கோபத்தோடு வந்தார்கள். முஸ்லிம்கள் உயிர்ப் பயத்தோடு வந்தார்கள். எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். ஜனவரி 13 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். எல்லாத் தரப்புத் தலைவர்களும் அமைதிக்கு உறுதி கொடுத்த பிறகுதான், 18 அன்று, அதை முடித்தார். அவருக்கு அப்போது வயது 78. இரண்டே நாளில் பிரார்த்தனை நடந்த தோட்டத்தில் குண்டு வெடித்தது. அப்புறமும், பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதனை போட அவர் சம்மதிக்கவில்லை.

ஜனவரி 30 மாலை பட்டேலுடன் பேச்சு நீண்டது. தாமதமாகிவிட்டதே என்று வேகமாகத் தோட்டத்துக்கு நடந்தார். 5.17-க்கு மூன்று குண்டுகள்.

டெல்லிக்குப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கே போங்கள். அறையிலிருந்து அவர் விழுந்த இடம் வரை பாதச்சுவடுகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அல்புகர்க் சாலையாக இருந்த தெருவுக்கு இன்று பெயர் தீஸ் ஜனவரி மார்க், அதாவது ஜனவரி முப்பது சாலை.