இந்திய முகாமுக்கு இரண்டு பேர் போய்விட்டால் லீக் என்ன ஆகும்?

கேள்வி: தேனி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் எட்டுப் பள்ளிகள் சேர்ந்து மாணவிகளுக்காகக் கூடைப்பந்து லீக் நடத்துகிறோம். சனிக்கிழமைதோறும் ஆட்டம். அட்டவணை போடும் பொறுப்பு என்னுடையது. போன வருடம் லீக் பாதியில் இருக்கும்போது, முதலிடத்தில் இருந்த பள்ளியின் இரண்டு மாணவிகளுக்கு 16 வயதுக்குட்பட்ட இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் திரும்பும்வரை எங்கள் ஆட்டங்களைத் தள்ளிவையுங்கள் என்று அந்தப் பள்ளி கேட்டது. மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தப் பள்ளி அடுத்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. லீக் சண்டையில் முடிந்தது. இந்த வருடம் இந்திய அணிக்கு வேலை இல்லாத மாதமாகப் பார்த்து லீக்கை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது டீச்சர். நீங்கள் தேடும் அந்த மாதம் கிடைக்காது.

கடந்த நான்கு வருடத்தை மட்டும் பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியப் போட்டி 2022-ல் பெங்களூருவில் நடந்தது, செப்டம்பரில். 2023-ல் 16 வயதுப் பிரிவு, ஜோர்டானின் அம்மானில், ஜூலையில். 2024-ல் மறுபடி 18 வயதுப் பிரிவு, சீனாவின் ஷென்ஜென்னில், ஜூன் கடைசியில். போன வருடம் 16 வயதுப் பிரிவு மலேசியாவில், செப்டம்பரில். ஜூன், ஜூலை, செப்டம்பர் என்று மாறி மாறி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தெற்காசியத் தகுதிச் சுற்று இருக்கலாம், வாரக்கணக்கில் முகாம் இருக்கும். முகாம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பது பெரும்பாலும் கடிதம் கைக்கு வரும்போதுதான் பள்ளிக்கே தெரியும்.

சரி, அந்த மாதங்களை விட்டுவிட்டு வேறு மாதம் பார்க்கலாம் என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. உங்கள் எட்டுப் பள்ளிகளில் கூரை போட்ட கோர்ட் எத்தனை இருக்கும்? நனைந்த சிமென்ட் தரையில் பிள்ளைகளை ஓடவிட முடியாது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல், அதை ஒட்டியே பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்கும் நிலையான மாதம் கிடையாது. 2023-ல் ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்தது, 2024-ல் நம் தமிழ்நாட்டிலேயே ஜனவரியில் நடந்தது, 2025-ல் பீகாரில் மே மாதம். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை எல்லாம் தனி. அதனால் மோதல் வரும் என்றே வைத்துக்கொண்டு அட்டவணை போடுங்கள். வந்தால் என்ன செய்வோம் என்பதை யாருடைய பெயரும் தெரிவதற்கு முன்பே எழுதி, எட்டுத் தலைமை ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போன வருடம் உங்களிடம் இல்லாமல் போனது இந்தக் காகிதம்தான். கடிதம் வந்த பிறகு எந்த விதி பேசினாலும், அது ஒரு பள்ளிக்குச் சாதகமாகவோ பாதகமாகவோதான் மற்றவர்கள் காதில் விழும்.

பிலிப்பைன்ஸை ஒரு நிமிடம் பார்ப்போம். கல்லூரிக் கூடைப்பந்துக்கு அங்கே இருக்கும் பைத்தியம் நம் ஊர் கிரிக்கெட் பைத்தியத்துக்குக் குறைந்ததில்லை. மணிலாவின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆடும் யு.ஏ.ஏ.பி. லீக்கில் ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு இரண்டு முறை மோதும், ஆளுக்கு 14 ஆட்டம். 2023 கூடைப்பந்து உலகக் கோப்பையை ஜப்பான், இந்தோனேசியாவோடு சேர்ந்து பிலிப்பைன்ஸும் நடத்தியது. அது செப்டம்பர் 10-ல் முடிந்தது, அந்த வருட யு.ஏ.ஏ.பி. ஆண்கள் லீக் செப்டம்பர் 30-ல் தொடங்கியது. உலகக் கோப்பை நடந்த அரங்குகளில்தான் இந்த லீக் ஆட்டங்களும் நடக்கும், ஆகவே ஒன்று முடிந்துதான் மற்றது. ஆனால் உலகக் கோப்பை தங்கள் ஊருக்கு வருகிறது என்பது அவர்களுக்கு 2017 டிசம்பரிலேயே தெரியும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவர்கள் தேதியை நகர்த்தியதைப் பார்த்து நீங்களும் நகர்த்தப் பார்க்காதீர்கள்.

அவர்களிடமிருந்து வேறொன்றைக் கவனியுங்கள். யு.ஏ.ஏ.பி.யில் முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும். அதில் முதல் இரண்டு இடத்தில் வரும் அணிகளை வெளியேற்ற, எதிரணி இரண்டு முறை வெல்ல வேண்டும். முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு வெற்றி போதும். லீக்கில் எடுக்கும் இடத்துக்கு அத்தனை மதிப்பு. அப்படிப்பட்ட லீக்கில் நட்சத்திர வீரர் இரண்டு ஆட்டம் இல்லையென்றால் அது பெரிய அடிதான். உங்கள் லீக்கில் அந்த மதிப்பைக் குறைத்துவிடுங்கள். எட்டில் நான்கு பேர் அரையிறுதிக்கு, யாருக்கும் கூடுதல் சலுகை கிடையாது. அப்போது முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பள்ளி நடுவில் இரண்டு ஆட்டம் தோற்றாலும் கதை முடிந்துவிடாது. ஏழில் நான்கை வென்றால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடலாம். புள்ளிகள் சமமானால் என்ன என்பதையும் எழுதிவையுங்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, சமமாக இருக்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். எட்டு அணி, ஒரு முறை மோதினால் 28 ஆட்டம், ஏழு சுற்று. சனிக்கு நான்கு ஆட்டம் என்றால் ஏழு சனிக்கிழமை. ஜூன் மூன்றாம் சனியில் தொடங்கினால் ஆகஸ்ட் முதல் சனியில் லீக் முடிகிறது. ஆகஸ்ட் 8-ஐயும் 22-ஐயும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போகும் ஆட்டங்களுக்கு. (நடுவில் வரும் 15 இந்த வருடம் சனிக்கிழமை. கொடியேற்றமும் அணிவகுப்பும் இருக்கும் நாளில் பி.டி. டீச்சர்களை யாரும் விடமாட்டார்கள்.) அரையிறுதியையும் இறுதியையும் அங்கிருந்து தூக்கிக் காலாண்டு விடுமுறையின் முதல் சனி, ஞாயிறில் வையுங்கள். நான் மேலே சொன்ன நான்கு ஆசியப் போட்டிகளும் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. பெருமழையும் அதற்குள் தொடங்கியிருக்காது. பிள்ளைகளுக்கும் தேர்வு முடிந்த நிம்மதி இருக்கும். கோப்பையை முடிவு செய்யும் நாளில் எல்லாருடைய அணியும் முழுசாக நிற்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருடத்தில் இல்லை.

ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் விதி. ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் போனால்தான் தள்ளிவைக்கக் கேட்கலாம் என்று வையுங்கள். ஒருத்தி மட்டும் போனால் ஆட்டம் நடக்கட்டும். இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் அணியில் 12 பேர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகினால் நாம் லீக்கை நிறுத்துவதில்லையே. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் கடிதமும், மாநில அணியாகத் தேசியப் போட்டிக்குப் போவதற்கான கடிதமும் மட்டும் கணக்கு. தனியார் அகாடமி முகாம், அழைப்புப் போட்டி எதுவும் கணக்கில் வராது. கடிதம் கிடைத்த மூன்று நாளுக்குள் உங்களிடம் நகல் வர வேண்டும். ஒதுக்கிவைத்த இரண்டு சனிக்கு மேல் மூன்றாவது நாள் கிடையாது. அதற்குள் பிள்ளைகள் திரும்பவில்லையென்றால் இருப்பவர்களை வைத்து ஆட வேண்டும். வராமல் இருந்தால் வழக்கம்போல 20-0, புள்ளி பூஜ்யம். ஆடித் தோற்றாலாவது ஒரு புள்ளி உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

தள்ளிவைப்பதற்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. ஏழு சுற்றில் எது முதலில், எது பின்னால் என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு சுற்றை அப்படியே தூக்கி இன்னொரு சனிக்கு மாற்றினால் எந்தப் பள்ளியும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடவேண்டி வராது, மொத்த ஆட்டமும் குறையாது. ஆகவே முதல் மூன்று சுற்றை மட்டும் உறுதி செய்து அச்சடியுங்கள், மீதி நான்கும் மாறலாம் என்று அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். கடிதம் வந்ததும், அந்தப் பள்ளி மற்ற வலுவான அணிகளோடு மோதும் சுற்றுகளைப் பின்னால் தள்ளி, கடைசி இடங்களில் இருக்கும் அணிகளோடு மோதும் சுற்றுகளை முகாம் வாரங்களுக்குக் கொண்டுவரலாம். முதலிடத்து அணி இரண்டு பேர் குறைவாக ஆடுகிறது, எட்டாவது இடத்து அணிக்கு முதல் முறையாகக் கடைசி நிமிடம் வரை போகும் ஆட்டம் கிடைக்கிறது. எனக்கு இதில் எந்த அநியாயமும் தெரியவில்லை. இரண்டு பள்ளிகளிலிருந்து ஒரே நேரத்தில் போனால் இந்த வழி சிக்கலாகும், அப்போது அந்த ஆகஸ்ட் சனிக்கிழமைகள் இருக்கின்றன.

யாருக்கு அழைப்பு வரும் என்பதும் முழு இருட்டு இல்லை. மாநில அணிக்காகத் தேசிய இளையோர் போட்டிகளில் ஆடியவர்களிலிருந்துதான் பெரும்பாலும் முகாமுக்கு எடுப்பார்கள். வயதுப் பிரிவும் பிறந்த வருடத்தை வைத்துத்தான். பெண்கள் பிரிவில் ஒற்றைப்படை வருடம் 16 வயது, இரட்டைப்படை வருடம் 18 வயது என்ற வரிசை தொடர்ந்தால், இந்த வருடம் 2008-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களின் முறை. போன வருடம் போன அதே இரண்டு பிள்ளைகளுக்கும் வயது இடம் கொடுக்கும். லீக் தொடங்குமுன் ஒவ்வொரு பள்ளியிடமும் அப்படிப்பட்டவர்களின் பெயரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு பெயர் கொடுக்கும் பள்ளிகளை முதல் மூன்று சுற்றுக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. முகாமிலிருந்து வெள்ளி இரவு ரயிலேறி, சனி காலை ஏழு மணிக்குக் கண்ணில் தூக்கத்தோடு கோர்ட்டில் வந்து நிற்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பை இன்னும் தோளில் இருக்கிறது. அம்மா ஒரு டம்ளர் பாலோடு கோர்ட் ஓரத்தில் நிற்கிறார். பள்ளிக்காக ஒரு ஆட்டம், அவ்வளவுதானே என்று எல்லாரும் சொல்கிறார்கள், பிள்ளையும் தலையாட்டுகிறது. வாரக்கணக்கில் மரத்தளத்தில் ஓடிப் பழகிய கால் அது, காலையும் மாலையும் பயிற்சி எடுத்துக் களைத்த உடம்பு. அதைக் கொண்டுவந்து சிமென்டில் தாவிக் குதிக்க வைக்கிறோம். முழங்கால் போய்விட்டால் இந்தியாவும் இல்லை, பள்ளியும் இல்லை. முகாம் முடிந்து மூன்று நாள் ஆகாமல் எந்த மாணவியும் லீக்கில் ஆடக்கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் 15 வயதுப் பிள்ளைக்கு வராது, அதற்காக நீங்கள் சொல்லிவிடுங்கள். முகாம் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வருகையாகக் கணக்கிடுவது) போட்டுத் தருவதையும், விட்டுப்போன பாடத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் இப்போதே பேசிவிடுங்கள். போன வருடம் அந்தப் பெற்றோர் கோபப்பட்டிருந்தால், கூடைப்பந்தைவிட இதில்தான் அதிகம் கோபப்பட்டிருப்பார்கள்.

போகாத பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். எட்டுப் பள்ளியிலும் சேர்த்து 96 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஏழு சனிக்கிழமைதான் மொத்த விளையாட்டு வாழ்க்கையும். இரண்டு பேருக்காக லீக் மொத்தமும் ஒரு மாதம் நின்றால் அவர்களுடைய சனிக்கிழமைகள் போய்விடுகின்றன. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒன்பதாவது பிள்ளைக்கு, அந்த இருவரும் இல்லாத நாளில்தான் நான்காம் குவார்ட்டரில் பந்து கைக்கு வரும். தேசிய முகாமுக்குப் போகிறவளைக் கொண்டாடுவதும், இவளுக்கு ஆட்டம் கொடுப்பதும் ஒரே டீச்சரின் வேலை. போன வருடம் மற்ற பள்ளிகள் சம்மதிக்காதது வெறும் பொறாமை என்று எனக்குத் தோன்றவில்லை.

அட்டவணைக் கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன்னால், வெளியேறிய அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சரை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் நிச்சயம் வேண்டாம். போன வருடம் யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை எடுக்காமல், மேலே சொன்ன விதிகளின் வரைவை அவரிடம் கொடுத்து, எந்த வரி அவர்கள் பள்ளிக்கு இடிக்கும் என்று கேளுங்கள். இரண்டு பேர் என்ற எண்ணையோ மூன்று நாள் என்ற கெடுவையோ அவர் மாற்றச் சொன்னால், நியாயமாகப் பட்டால் மாற்றுங்கள். பிறகு கூட்டத்தில் அந்த வரைவை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.