இலை உதிர்கிறது என்றொரு புகார்

கேள்வி: இலையுதிர்கால இலைகளைப் பொறுக்கி வந்து, நானே வளையம் கட்டி வாசற்கதவில் மாட்டினேன். ஐந்தே நாளில் எல்லாம் பழுப்பாகிச் சுருண்டு கொட்டிவிட்டது. பிளாஸ்டிக் இலை வாங்கி ஒட்டினால் பல வருடம் வரும் என்கிறாள் தோழி. அப்படிச் செய்தாலும் அது கையால் செய்ததுதானே?

பதில்: இலையுதிர்காலத்தில் இலை உதிர்கிறது என்று எனக்கு வந்திருக்கும் முதல் புகார் இதுதான். (கடிதத்தில் ‘மலர்வளையம்’ என்று எழுதியிருந்தீர்கள். யார் போனார்களோ என்று பதறிவிட்டேன். மலரை வெட்டியது நான்.)

பிளாஸ்டிக் இலையை ஒட்டினால், ஒட்டிய கை உங்களுடையதுதான். அதில் வழக்கில்லை. ஆனால் கோடையிலும் அதே சிவப்பு, பனியிலும் அதே சிவப்பு என்று தொங்குவதற்கு இலையுதிர்கால வளையம் என்று எதற்குப் பெயர்? பல வருடம் வரும் என்பதும் பாதி உண்மைதான். வெயிலில் அதுவும் வெளுக்கும், மடிப்புக்கு மடிப்பு தூசி உட்காரும். தோழி அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தப்பு இலையில் இல்லை, நீங்கள் எடுத்த நேரத்தில் இருக்கிறது. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரமே ஒரு தடுப்பை வளர்த்து, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. பச்சையம் சிதைய, அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்படி ஒளிந்திருந்ததல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு கடைசி நேரத்தில் புதிதாக உண்டாவது. ஈரம் வற்றி இவையெல்லாம் மங்கிய பிறகு மிஞ்சுவது டானின், அதாவது நீங்கள் கதவில் பார்த்த பழுப்பு. தரையில் கிடந்ததைப் பொறுக்கியபோதே அந்த இலை பாதி வழி போயிருந்தது.

ஆகவே மரத்திலிருந்து பறியுங்கள், அல்லது விழுந்த அன்றே எடுங்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அகலமான தட்டில் ஊற்றி, இலைகளை மூழ்கவைத்து, மேலே இன்னொரு தட்டைப் பாரமாக வையுங்கள். நான்கைந்து நாளில் இலை மெல்லிய தோலைப்போலத் துவளும். தண்ணீர்போல் கிளிசரின் ஆவியாகிப் போய்விடாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சுருளாததற்கு அதுதான் காரணம். நிறம் ஒரு படி கறுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முழுக் கிளையையும் இப்படிப் பதப்படுத்த ஆசையிருந்தால், இலை பச்சையாக இருக்கும்போதே வெட்டி, காம்பின் நுனியை நசுக்கி, இதே கலவையில் நிறுத்துங்கள். நிறம் மாறி முடிந்த கிளை உறிஞ்சாது. வழிதான் அடைபட்டுவிட்டதே.

புத்தகத்துக்குள் வைத்து அழுத்தலாமே என்பீர்கள். நிறம் நன்றாகவே நிற்கும். ஆனால் இலை தட்டையாக, தொட்டால் நொறுங்கும் சருகாக இருக்கும். காற்றடிக்கும் கதவுக்கு ஆகாது, வீட்டுக்குள் சுவரில் மாட்டலாம்.

அடிவளையத்துக்குத் திராட்சைக் கொடியோ வில்லோ மரத்து விளாரோ போதும். வெட்டிய அன்றே நான்கைந்து சுற்றுச் சுற்றி, நுனியை இடுக்கில் செருகிவிட்டால் கம்பிகூட வேண்டாம். காய்ந்துவிட்டதென்றால் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், வளையும். 90 செ.மீ. அகலக் கதவுக்கு 50 முதல் 60 செ.மீ. விட்டம் பார்க்க நன்றாக இருக்கும். இலைகளைச் சிறு கொத்துகளாகக் கட்டி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்படி, ஒன்றின் காம்பை அடுத்தது மறைக்க நூலால் கட்டுங்கள். பசையை உருக்கி ஒட்டும் குளூ கன்னைத் தூக்காதீர்கள். வெயில் படும் கதவில் அந்தப் பசை இளகிவிடும். உங்கள் இலைகள் கொட்டியதில் அதற்கும் பங்கிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

வட அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. முதலில் சிவக்கிற கொடிகளில் ஒன்று பாய்சன் ஐவி. மூன்று மூன்றாக இலை, தண்டில் மயிர்போல வேர். காய்ந்த பிறகும் அதன் உருஷியால் எண்ணெய் தோலைக் கொப்புளமாக்கும். அதைவிட அழகான ஆபத்து ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் என்ற கொடி: மஞ்சள் தோல் வெடித்துச் சிவப்பு மணி எட்டிப் பார்க்கும், வளையத்துக்கென்றே பிறந்ததுபோல. நீங்கள் கதவில் மாட்டுவீர்கள், பறவை கொத்தும், விதை காட்டில் விழும், கொடி மரத்தைச் சுற்றி நெரிக்கும். மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அதை விற்கவே தடை.

பைன் காய்களை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சேருங்கள். சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தால் உள்ளே குடியிருக்கும் பூச்சி சாகும், பிசினும் உருகி மினுங்கும். பக்கத்திலேயே நில்லுங்கள், பிசின் தீப்பிடிக்கும். அதே காரணத்துக்காக, கட்டி முடித்த வளையத்தை மெழுகுவர்த்தி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நேர் வெயில் படாத இடத்தில் மாட்டினால் பருவம் முடியும்வரை நிறம் தாங்கும். அதற்குப் பிறகு கொட்டத்தான் செய்யும். கொட்டியதும் நூலை அவிழ்த்து இலையைச் செடிக்கு அடியில் போட்டுவிட்டு, கொடி வளையத்தை மட்டும் ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த வருடம் அதே வளையத்தில் கட்டலாம். தோழிக்கும் ஒன்று.