அயர்லாந்தில் பெண்கள் வரலாற்றில் எப்படி நடத்தப்பட்டார்கள்?

ஐரோப்பிய நாடுதானே, அங்கே பெண்கள் எப்போதுமே சுதந்திரமாகத்தானே இருந்திருப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டப்ளினுக்கு வேலைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நகர நடுவில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் என்று ஒரு பூங்கா. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய் உட்காருவேன். அங்கே ஒரு பெஞ்சில் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. மக்டலீன் சலவைக்கூடங்களில் வேலை செய்த பெண்களின் நினைவாக 1996இல் வைத்தது. அது என்ன சலவைக்கூடம் என்று தேடிப் படித்தபோது அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண், அநாதை விடுதியில் வளர்ந்த பெண், சில்லறைக் குற்றத்துக்கு நீதிமன்றம் அனுப்பிய பெண், வீட்டுக்கு வேண்டாதவள் என்று சொந்த அப்பாவே கொண்டுவந்து விட்ட பெண், எல்லோரும் கன்னியாஸ்திரிகள் நடத்திய இந்த இடங்களில் பூட்டிய கதவுக்குள் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். பலருக்குச் சொந்தப் பெயரைக்கூட விட்டுவைக்காமல் வேறு பெயர் வைத்தார்கள். தப்பி ஓடினால் போலீஸே பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் உண்டு. அரசாங்கத் துறைகளின் துணியும் அங்கேதான் வெளுக்கப்பட்டது, அதனால் அரசுக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அயர்லாந்து பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற 1922க்குப் பிறகு மட்டும் சுமார் 10,000 பெண்கள் உள்ளே போயிருக்கிறார்கள். 1993இல் டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தை விற்றபோது, அங்கிருந்த பெண்களின் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். 133 உடல்கள் என்று அனுமதி வாங்கியிருந்தார்கள், கிடைத்ததோ 155. பல பேருக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. கடைசிச் சலவைக்கூடம் மூடியது 1996இல், பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2013இல்.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. 1916இல் பிரிட்டனுக்கு எதிராகக் கிளம்பிய போராளிகள் விடுதலைப் பிரகடனம் வாசித்தபோது அயர்லாந்தின் ஆண்களே, பெண்களே என்று விளித்துத்தான் தொடங்கினார்கள், சம உரிமை தருவோம் என்றும் சொன்னார்கள். பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களில் ஒருவரான கான்ஸ்டன்ஸ் மார்க்கியவிச் 1919இல், விடுதலைக்கு முன்பே போராளிகள் அமைத்த அரசில், தொழிலாளர் துறை அமைச்சராகவே இருந்தார். விடுதலை கிடைத்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். 1927இல் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் பெண்கள் உட்காருவது கிட்டத்தட்ட நின்றுபோனது, 1935இல் கருத்தடைச் சாதன விற்பனைக்குத் தடை வந்தது. அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் அம்மா அப்படித்தான், தாலி கட்டும் வழக்கம் இல்லாத ஊரில் மோதிரம் மாட்டிய வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகைகூட 1974 வரை அப்பாவின் பெயருக்குத்தான் போனது.

சரி, யாரும் எதிர்க்கவில்லையா என்றால், எதிர்த்தார்கள். 1971இல் ஒரு பெண்கள் கூட்டம் ரயிலேறி, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தின், இந்தத் தடை இல்லாத பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குப் போய்க் கருத்தடைச் சாதனங்கள் வாங்கியது. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள், அதனால் ஆஸ்பிரின் அட்டைகளை வாங்கிக்கொண்டு, டப்ளின் ரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகள் கண்முன்னே அவற்றையே கருத்தடை மாத்திரை என்று தூக்கிக் காட்டினார்கள். அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாரையும் கைது செய்யவும் இல்லை.

அப்புறம் சவிதா ஹலப்பனவர். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெல்காம் பெண், பல் டாக்டர். 2012இல் அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில், கரு கலைந்துகொண்டிருந்த நிலையிலும், கருவின் இதயம் துடிக்கிறது என்று சொல்லி அவர் கேட்ட கருக்கலைப்பை மறுத்தார்கள், ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி இறந்துபோனார், வயது 31. 2018 வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள். வாக்கெடுப்பு நாட்களில் டப்ளின் சுவர் ஒன்றில் வரைந்திருந்த சவிதாவின் முகத்தைச் சுற்றி ஜனங்கள் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

1937 அரசியல் சாசனத்தில், வீட்டுக்குள் பெண் வாழும் வாழ்க்கை நாட்டுக்கு ஆதரவு என்று ஒரு வரி உண்டு. 2024இல் அதை மாற்ற வாக்கெடுப்பு வைத்தார்கள், அதற்குப் பதிலாக வைத்த வாசகம் பிடிக்காமலும் பலர் எதிர்த்தார்கள், தோற்றுப்போனது. அந்த வரி அப்படியே இருக்கிறது.