புளியரையிலிருந்து வின்னிபெக்: ஜனவரிக் குளிருக்குப் புறப்படும் முன்

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 58. ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. கனடாவில் வின்னிபெக் நகரில் இருக்கும் மகளுக்கு ஜனவரி கடைசியில் பிரசவம். டிசம்பர் கடைசியில் புறப்பட்டு ஐந்து மாதம் தங்குவதாக இருக்கிறோம். எனக்கு பி.பி. உண்டு, சுகருக்கு இன்சுலின் போடுகிறேன். மூணாறு குளிரையே ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கியதில்லை. அங்கே மைனஸ் 30 என்கிறார்கள். என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? இங்கிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

பதில்: தைரியமாகப் போய்வாருங்கள், அண்ணாச்சி. உங்களுக்கு இருக்கும் இரண்டு வியாதிகளும் கட்டுக்குள் இருந்தால் பயணத்துக்குத் தடை இல்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகளைப் பார்க்க நம்மூரிலிருந்து வந்த பெரியவர்களில் குளிரில் விறைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அபூர்வம். வாசல்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். குளிருக்கு ஆயிரம் ரூபாய்க்குத் துணி வாங்குகிறவர்கள், தரையைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை.

முதலில் குளிரைப் புரிந்துகொள்வோம். வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் மைனஸ் 20-க்குக் கீழே போவது சாதாரணம். சில நாள் மைனஸ் 30-ஐயும் தாண்டும். ஆனால் ஆளை வாட்டுவது தெர்மாமீட்டர் காட்டும் எண் மட்டும் இல்லை, காற்று. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றில் நனைந்த வேட்டியோடு நின்றால் உங்கள் ஊரிலேயே பல் கிட்டும் அல்லவா? வெப்பநிலை அப்போதும் இருபதுக்கு மேல்தான் இருக்கும். தோலை ஒட்டி உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றை, வீசுகிற காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரமும் சேர்ந்தால் சூடு இன்னும் வேகமாக இறங்கும். அதனால்தான் கனடாவில் வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு, காற்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று காட்டும் ‘விண்ட் சில்’ என்ற இன்னொரு எண்ணும் சொல்வார்கள். நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். மைனஸ் 48-க்குக் கீழே 2 முதல் 5 நிமிடம்தான். வீட்டு வாசலிலிருந்து காருக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு போகிறவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

இங்கிருந்து வாங்க வேண்டியது ரொம்பக் குறைவு. ஆளுக்கு இரண்டு செட் தெர்மல் உள்ளாடை, ஒரு நல்ல ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, ஒரு மங்கி குல்லா போதும். தெர்மல் பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ ஆக இருக்கட்டும். நம் பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், வெளியே போனதும் அந்த ஈரமே உடம்பைக் குளிர்வித்துவிடும். தடித்த மேல்கோட்டையும் பூட்ஸையும் இங்கே தேடவே வேண்டாம். இங்கே ‘விண்டர் ஜாக்கெட்’ என்று விற்பதில் பெரும்பாலானவை ஊட்டிக் குளிருக்கு ஆனவை, விலைதான் கனடா விலை. அங்கே பழைய உடைகள் விற்கும் கடைகளிலேயே தொடை வரை இறங்கும் நல்ல பார்க்கா கோட்டு மலிவாகக் கிடைக்கும். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் இருவர் பாதத்தையும் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த அளவுக்கு ஒரு சைஸ் பெரிதாக, உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை உள்ள பூட்ஸை வாங்கி வைக்கட்டும். இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். எவ்வளவு தடித்த காலுறை போட்டாலும் விரல் சில்லிடும். கோட்டையும் பூட்ஸையும் மாப்பிள்ளை விமான நிலையத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும், ஏனென்றால் கட்டடத்திலிருந்து கார் நிற்கும் இடம் வரை நடக்கும் அந்தத் தூரம்தான் உங்கள் முதல் குளிர். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கிளவுஸைவிட, நான்கு விரலும் ஒன்றாக அடங்கும் மிட்டன் நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும்.

மதினிக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்குள் 20, 22 டிகிரி இருக்கும், அங்கே சேலை தாராளமாகக் கட்டலாம். வெளியே போகும்போது சேலை வேண்டாம். கரை பனிச்சேற்றில் நனைந்து, அந்த ஈரம் கணுக்காலுக்கு ஏறும், படியில் தட்டியும் விடும். சுடிதாரோ பேன்ட்டோ பழக்கம் இல்லையென்றால் இப்போதே வீட்டில் தினம் அரைமணி போட்டு நடந்து பழகட்டும். அங்கே போய், புது உடுப்பும் புது பூட்ஸும் சேர்ந்து தடுமாறக் கூடாது. பூட்ஸுக்குள் மெட்டி அழுத்தினால் கழற்றிவிடலாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை, தெர்மலுக்கு உள்ளே போகாமல் அதன் மேல் இருக்கட்டும், அதற்கு மேல் ஸ்வெட்டர். உலோகம் குளிரைச் சட்டென்று கடத்தும் என்பதால் மூக்குத்தியும் கம்மலும் வெளியே போகும்போது துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

இனி தரைக்கு வருகிறேன். புதுப்பனி பயமில்லை, காலடியில் நறநறவென்று பிடிமானம் கொடுக்கும். மோசமானது, பகலில் லேசாக இளகி இரவில் மறுபடி உறைந்து, கண்ணாடித் தகடு மாதிரி தார்ச்சாலைமேல் ஒட்டிக்கிடக்கும் பனிக்கட்டி. நிறமே தெரியாது, ஈரத் தரை என்றுதான் தோன்றும். அதன்மேல் நாம் வழக்கமாக நடப்பதுபோல் குதிகாலை முன்னால் ஊன்றினால் கால் முன்னே ஓடும், ஆள் மல்லாந்து விழுவார். அங்கே நடை வேறு. முழங்காலை லேசாக மடக்கி, பாதம் முழுவதையும் தட்டையாக ஒரே நேரத்தில் ஊன்றி, உடம்புப் பாரத்தை முன்காலின்மேல் கொண்டுவந்து, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கை கோட்டுப் பைக்குள் இருக்கவே கூடாது. விழும்போது கை வெளியே இல்லாதவருக்கு நேராக இடுப்பில்தான் அடி. காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் தரையில் வைத்து, கதவைப் பிடித்து, பிறகு எழுந்திருங்கள். என் அனுபவத்தில் மிக அதிகமாக விழுவது அந்த நொடியில்தான். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை அங்கே கிடைக்கும். இருவருக்கும் ஒவ்வொன்று கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு கடையின் டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும், உள்ளே நுழையும்போது கழற்றிவிட வேண்டும்.

இதோடு சேர்ந்தது பனி அள்ளும் வேலை. மாப்பிள்ளை ஒற்றை ஆளாக மண்வாரியோடு நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். தொடவே தொடாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறியிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனத்த பனியைத் தூக்கும்போது இதயத்தின் பாரம் திடீரென்று கூடும். பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது அந்த நாடுகளில் மருத்துவர்கள் வருடாவருடம் பார்க்கிற விஷயம். வருத்தமான சேதி ஒன்று உங்கள் மகள் வீட்டிலிருந்து வரக் கூடாது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி.

இன்சுலின் பற்றி நாம் இங்கே படித்துவைத்திருப்பது ஒன்று, அங்கே நடப்பது நேர்மாறு. இங்கே வெயிலில் கெட்டுவிடும் என்று ஐஸ் பையில் வைக்கிறோம். அங்கே உறைந்து கெடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். அதனால் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச்செல்லுங்கள். வெளியே போகும்போது இன்சுலின் பேனா கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே கூடாது. சுகர் பார்க்கும் மெஷினும் குளிரில் எர்ரர் காட்டும். வீட்டுக்குள் வந்து, கையை வெதுவெதுப்பாக்கிவிட்டுப் பாருங்கள். இன்னொன்று ரொம்ப முக்கியம்: சுகர் இறங்கினாலும் நடுக்கம் வரும், குளிரிலும் நடுக்கம் வரும். ‘குளிர்தான்’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், ஊசி போட்ட பிறகு நடுங்கினால் குத்திப் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் வின்னிபெக் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். பயண நாளன்று ஊசியை எந்த நேரத்தில், எவ்வளவு போடுவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் சோதித்துவிடுங்கள். பல வருடச் சுகரில் மரத்துப்போன கால், பனி கடிப்பதைச் சொல்லாது. தினமும் இரவு விரலிடுக்கு வரை மதினி பார்க்கட்டும். வெளியே நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நிறத்தில் சிவப்பது எளிதில் தெரியாது. மூக்கு நுனியோ காது மடலோ கன்னமோ சாம்பல் பூத்து, மெழுகு தடவினதுபோல் மாறி, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் உடனே உள்ளே போங்கள். தேய்க்கக் கூடாது, ஹீட்டர் முன் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். கை விரல், கால் விரல் என்றால் 37 முதல் 40 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மூக்கு, கன்னம் என்றால் வெதுவெதுப்பான உள்ளங்கையை அப்படியே பொத்தி வையுங்கள். கொப்புளம் வந்தாலோ நிறம் திரும்பாவிட்டாலோ ஆஸ்பத்திரி. ஒருவருக்குப் பேச்சு குழறி, நடை தள்ளாடி, அதுவரை இருந்த நடுக்கமும் நின்றுவிட்டால் அவசர உதவி எண் 911-ஐ அழைக்கத் தாமதிக்காதீர்கள்.

வீட்டுக்குள் இருக்கும் தொல்லை வறட்சி. ஹீட்டர் காற்றில் மூக்கு உலர்ந்து ரத்தம் வரும், உதடும் குதிகாலும் வெடிக்கும். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். குளித்து ஈரம் முழுதும் போகும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தாளிப்புப் புகைக்கும் சாம்பிராணிக்கும் புகை அலாரம் அலறும், பயப்படாதீர்கள். கதவு விஷயத்தில் மட்டும் பயம் இருக்கட்டும். பல வீடுகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். குப்பையை வைத்துவிட்டு வரலாம் என்று செருப்போடு இறங்கி, பின்னால் கதவு சாத்திக்கொண்டால், மைனஸ் 30-ல் அது விபத்து. சாவி இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வரும்போது, குளிருமே என்று தடித்த பஞ்சு உடுப்பை மாட்டி, காரில் குழந்தைக்கென்று இருக்கும் தனி சீட்டில் கட்டக் கூடாது. விபத்தில் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு வாரை இறுக்கிக் கட்டி, அதன்மேல் போர்வை.

கடைசியாக, காகிதங்கள். மானிடோபா அரசு மருத்துவக் காப்பீடு விருந்தாளிகளுக்குக் கிடையாது. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் போவதென்றால் ஒரு வருடத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலர் காப்பீடு கட்டாயம். சாதாரண விசிட்டர் விசாவில் போனாலும் எடுங்கள். பி.பி., சுகர் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். பல பாலிசிகளில், புறப்படுவதற்கு முந்தைய குறிப்பிட்ட மாதங்களில் மருந்தளவு மாறியிருந்தால் அந்த வியாதிக்கான செலவைத் தர மாட்டார்கள். எனவே மாத்திரையில் மாற்றம் தேவை என்றால் இப்போதே டாக்டரைப் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம். ஃப்ளூ தடுப்பூசியைப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துக்கு மேல் கனடாவுக்குள் கொண்டுபோக முடியாது, நீங்களோ ஐந்து மாதம் தங்குகிறீர்கள். ஆகவே மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) டைப் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் முடிவதற்குள் அங்கே ஒரு கிளினிக்கில் காட்டி மீதி மருந்தை எழுதி வாங்க, மகளிடம் இப்போதே நேரம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.