மாமா வீட்டு விசேஷமும் மூன்று வட்டியும்

கேள்வி: மண்டபம் ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. சம்பளம் 16,000 ரூபாய். மீன்பிடித் தடைக்காலத்தில் பாதிதான் வரும். மூன்று வருடமாக டி.ஜே. செட் வைத்து விசேஷங்களுக்கு ஓட்டுகிறேன். செட்டுக்கு 4.2 லட்சம் ஆனது. மனைவியின் 7 பவுனை அடகு வைத்து 2 லட்சம் (நூற்றுக்கு ஒன்றரை வட்டி), வெளியில் மூன்று வட்டிக்கு 80,000, தாய்மாமா கொடுத்த 20,000, மீதி என் சேமிப்பு. போன வருடம் 38 விசேஷம் ஓட்டினேன். அதில் 14 சொந்தக்காரர்கள் வீடு. டீசல் காசு என்று 3,000 கொடுப்பார்கள். வட்டி கட்டுகிறேன், அசல் அசையவே இல்லை. எல்.இ.டி. வால் (மேடைக்குப் பின்னால் வைக்கும் பெரிய வீடியோ திரை) வாங்கினால் ரேட்டை ஏற்றலாம் என்கிறார்கள். ஓர் ஆப்பில் 12 சதவீத வட்டிக்கு 3.5 லட்சம், 24 மாதத் தவணையில் உடனே தருவதாக வந்திருக்கிறது. எடுக்கலாமா? நண்பர் ஒருவர் மாதம் 2,000 எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில்) போடச் சொல்கிறார். இன்னொன்று: வைகாசியில் மாமா மகள் கல்யாணம். அதே தேதிக்கு தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் 14,000 தருகிறேன் என்கிறார். மாமாவிடம் என்ன சொல்வது?

பதில்: எல்.இ.டி. வாலை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆப் படத்தில் மாதத் தவணை 18,083 என்று இருக்கிறது. உங்கள் முழுச் சம்பளத்தைவிட அது 2,000 கூட. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற 12 சதவீதமாக இருந்தால் தவணை 16,500-க்குள் நின்றிருக்கும். இவர்கள் முழு 3.5 லட்சத்துக்கும் இரண்டு வருட வட்டியைப் போட்டு, 84,000-ஐச் சேர்த்து 24-ஆல் வகுத்திருக்கிறார்கள். உண்மையான வட்டி 21, 22 சதவீதத்தைத் தொடும். அந்த வால் வரப்போகும் இடமும் கடற்கரை. உப்புக்காற்று உள்ளே இருக்கும் இணைப்புப் பின்களைத் தின்று, ஒவ்வொரு பலகையாகக் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பிக்கும். கேட்கிற விசேஷத்துக்கு மட்டும் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மேலே உங்கள் பங்கை வைத்து பில் போடுங்கள். செத்த புள்ளி அவர்கள் கவலை.

எஸ்.ஐ.பி. இப்போதைக்குக் கிடையாது. மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதை வைத்துக்கொண்டு எந்த ஃபண்டில் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். நண்பரிடம் ஒரு வருடம் கழித்துப் பேசச் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அசல் அசையாததற்குக் காரணம் வட்டி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் கூடவே அனுப்பிய செலவுச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஒரு விசேஷத்துக்குக் குட்டியானை வாடகை 2,500. ஏற்றி இறக்க இரண்டு பேருக்கு 1,400. லைட் பையனுக்கு 1,000. டீ, சாப்பாடு 300. கேபிள், கனெக்டர், ஸ்பீக்கர் காயில் என்று ரிப்பேர் சராசரி 600. இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டீர்கள். 4.2 லட்சத்துக்கு வாங்கிய செட் ஐந்து வருடம் கழித்து 1.6 லட்சத்துக்குப் போனாலே அதிர்ஷ்டம். வருடத்துக்கு 52,000 தேய்கிறது. 40 விசேஷத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1,300. ஆக, செட் வீட்டைவிட்டுக் கிளம்பினாலே 7,100 செலவு. வார நாளில் லீவு போட்டால் போகும் 530 ரூபாய் சம்பளத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

காசு கொடுப்பவர்கள் சராசரியாக 12,000 தருகிறார்கள், நிற்பது 4,900. அப்படி 24 விசேஷத்தில் 1,17,600. சொந்தக்காரர் 3,000 தருகிறார். கையை விட்டுப் போவது 4,100. டீசல் காசு என்பது பெயருக்குத்தான், வண்டி வாடகை போக அதில் 500 மிஞ்சும். இப்படி 14 விசேஷத்தில் 57,400 போயிற்று. மிச்சம் 60,200. இரண்டு கடனுக்கும் சேர்த்து வருட வட்டி 64,800. 38 ராத்திரி கண் விழித்ததற்கு நிகரப் பலன், 4,600 ரூபாய் நஷ்டம்.

இது உங்கள் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. தேய்மானத்தை யாரும் கையில் வந்து கேட்பதில்லை. அதனால் வருடத்துக்கு 45,000 அளவுக்குக் கையில் புரண்டிருக்கும், ஓடுகிறது என்ற நினைப்பும் வந்திருக்கும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று ஒரேயடியாகப் போகும் அன்றுதான் அந்தப் பணம் உங்களுடையது இல்லை என்று தெரியும். அன்றைக்கு மறுபடி மூன்று வட்டிக்காரர் வீட்டு வாசல்.

14 வீட்டுக்கு இனாமாக ஓட்டியது போக, எந்த நாளில் ஓட்டினீர்கள் என்பதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தேவாலயக் கல்யாணங்களுக்குத் தவக்காலம் அடைப்பு. மிஞ்சிய மாதங்களில் முகூர்த்த நாள் எண்ணிச் சுடுகிற பணியாரம். அதிலும் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எல்லாருக்கும் அதே தேதிதான் வேண்டும். சொந்தக்காரரும் அந்தத் தேதியில்தான் கல்யாணம் வைப்பார். உங்கள் 14-இல் 9 முகூர்த்த நாளில் விழுந்திருக்கின்றன. அந்த நாள்களுக்குக் காசு கொடுத்துக் கேட்ட 6 பேரை "டேட் இல்லண்ணே" என்று அனுப்பியிருக்கிறீர்கள். 6 தடவை 4,900 என்றால் 29,400. முன் சொன்ன 57,400-ஐயும் சேர்த்தால் 86,800. நீங்கள் கட்டுகிற வட்டியைவிட அது 22,000 கூட. வட்டிக்காரரைத் திட்டுகிறீர்கள், அவரைவிட அதிகம் வாங்கியவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரிப்பேர்ச் சீட்டிலும் இதுவே தெரிகிறது. போன வருடம் கருகிய நான்கு காயிலில் மூன்று சொந்தக்காரர் விசேஷத்தில் போனவை. தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வீடுகளில் தனி ஜெனரேட்டர் கேட்க உங்களுக்குக் கூச்சம். சீரியல் செட்டும் சமையல் பந்தல் கிரைண்டரும் ஓடுகிற அதே லைனில் ஆம்பையும் போட்டுவிடுகிறீர்கள். வோல்ட் 190-க்கு இறங்கும்போது ஆம்ப் கொடுக்கும் பலமும் இறங்கும். சத்தம் குறைகிறது என்று மச்சான் வந்து மிக்சரில் சத்தம் கூட்டும் ஃபேடரை ஏற்றுவார். ஓவர்லோடு என்று காட்டும் சிவப்பு லைட் அணையாமல் எரியும். உருக்குலைந்த அந்த சிக்னல் முதலில் டாப் ஸ்பீக்கரின் டயாப்ரத்தை (அதிர்கிற மெல்லிய தகட்டை) சுடும், விடிய விடிய ஓட்டினால் 18 இன்ச் பேஸின் காயிலையும் சுடும். காசு கொடுப்பவரிடம் "10 மணிக்கு நிறுத்தணும்" என்று சொல்ல உங்களால் முடிகிறது, சித்தப்பாவிடம் முடிவதில்லை. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. போலீஸ் வந்தால் மிக்சரைத் தூக்கிப்போவார்கள். சித்தப்பா அப்போது முகூர்த்தப் பட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். மறுநாள் காசு விசேஷமும் போச்சு.

இனி செய்ய வேண்டியது. நாள்காட்டியில் வருகிற ஒரு வருட முகூர்த்த நாள் அத்தனையையும் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்தத் தேதி எதையும் இனாமாகக் கொடுக்கக் கூடாது. விதிவிலக்கு வருடத்துக்கு மூன்று. கூடப்பிறந்தவர்கள், மனைவியின் கூடப்பிறந்தவர்கள் வீட்டு நல்லது மட்டும். அந்த மூன்றுக்கு ஒரு பைசா வாங்காதீர்கள். 3,000 வாங்கி அரைகுறையாகக் கெட்ட பேர் எடுப்பதைவிட முழு இனாமுக்கு மரியாதை அதிகம். மற்ற சொந்தத்துக்கு ஒரே ரேட், 10,000. அதை முன்னால் வாங்கிவிட்டு, விசேஷத்தன்று உங்கள் பெயரில் 2,000 மொய் எழுதுங்கள். இனாமாக ஓட்டிய செட்டை எந்த மொய் நோட்டிலும் யாரும் எழுதுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்தச் செய்முறை திரும்பி வராது. எழுதிய 2,000 வரும்.

கணக்கு எப்படி மாறும்? மூன்று முழு இனாமுக்குச் செலவு 21,300. மீதி 11 வீட்டில் ஐந்து வீடாவது 10,000-க்கு ஒத்துக்கொண்டால், மொய்க்கு எடுத்துவைத்தது போக ஒன்றுக்கு 900, ஐந்துக்கு 4,500. ஆறு வீடு முறைத்துக்கொண்டு வேறு செட்டைப் பிடிக்கும், பிடிக்கட்டும். அவர்கள் விட்டுப்போகும் தேதிகளில் திருப்பி அனுப்பிய அந்த 6 காசு விசேஷம் 29,400. போன வருடத்தோடு ஒப்பிட்டால் 70,000 ரூபாய் வித்தியாசம். மூன்று வட்டிக் கடன் 80,000. பாதி நடந்தாலும் இரண்டு வருடத்தில் அது முடிகிறது. எந்த ஆப்பும் இதைக் கொடுக்காது.

வசூலிலும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டியிருக்கிறது. "மொய் எண்ணி முடிக்கட்டும் தம்பி" என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறீர்கள். மொய் எண்ணி முடிந்ததும் அந்தப் பணத்துக்குச் சமையல்காரர், பந்தல்காரர், வீடியோக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், உங்கள் முறை வர மாசி ஆகும். புக்கிங்குக்கு மூன்றில் ஒரு பங்கு, செட் இறங்கியதும் மீதி, அதற்கப்புறம்தான் முதல் பாட்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சித்திரை, வைகாசி முகூர்த்தமும் அதே நாள்களில்தான். உங்களுக்குப் பாதிச் சம்பளம், உங்கள் பக்கத்துப் படகு வீடுகளில் கையில் காசு இல்லை, விசேஷம் மட்டும் நிறைய. அந்த வீடுகளுக்குக் கடன் சொல்லாமல், பங்குனியிலேயே ஒரு தவணை, கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு தவணை என்று பிரித்துக் கேளுங்கள்.

வந்த பணத்தில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் 1,900-ஐ (தேய்மானமும் ரிப்பேரும்) ஏ.டி.எம். கார்டு இல்லாத தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மிச்சம் முழுக்க மூன்று வட்டிக்கு. 10,000 சேர்ந்தபோதெல்லாம் அசலில் கட்டி, பாண்டு பேப்பரின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அசலில் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எண்ணம் வேறு. தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வட்டிக் கடன் முடிந்த பிறகு நகை. ஒன்றரை வட்டி என்பது 18 சதவீதம். வங்கியில் 10-ஐச் சுற்றிக் கிடைக்கும். 2 லட்சத்துக்கு வருடம் 16,000 மிச்சம். மாற்றி வைக்கும்போது 7 பவுனையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். இரண்டு, இரண்டு, மூன்று பவுனாக மூன்று சீட்டு போடச் சொன்னால், கையில் கொஞ்சம் காசு வந்ததும் ஒரு சீட்டை மட்டும் மீட்கலாம்.

மாமா விஷயம். அவர் கொடுத்த 20,000 உங்கள் வாயைக் கட்டுகிறது என்று புரிகிறது. சீட்டின்படி போன வருடம் மட்டும் மாமா வீட்டுக்கும் அவர் சம்பந்தி வீட்டுக்குமாக நான்கு தடவை ஓட்டியிருக்கிறீர்கள். தடவைக்கு 4,100, மொத்தம் 16,400. மிச்சக் கடன் 3,600தான். அந்தக் கணக்கை அவரிடம் சொல்லாதீர்கள், சண்டை வரும். உங்களுக்குத் தெரிந்தால் போதும். 20,000-ஐயும் இரண்டு தவணையில் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் 10,000 கல்யாணச் செலவு தொடங்குகிற இந்த நேரத்திலேயே போகட்டும். கல்யாணம் வைத்த வீட்டில் ரொக்கத்துக்கு இருக்கிற மதிப்பு ஸ்பீக்கருக்குக் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது இரண்டு டாப், ஒரு மிக்சர் மட்டும் ஆட்டோவில் கொண்டுபோய் மூன்று மணி நேரம் நீங்களே ஓட்டுங்கள். 1,000 ரூபாய்க்குள் முடியும். முகூர்த்தத்தன்று அவருக்கு வேறு செட் பேசிக் கொடுங்கள். நலங்கு முடிந்த ராத்திரியே டாப்பையும் மிக்சரையும் நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மறுநாள் காலை தேவிபட்டினம். அங்கே 5,000 அட்வான்ஸை இந்த வாரமே வாங்கிவிடுங்கள், ஜெனரேட்டர் தனி என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.