முருங்கையில் வரும் வெள்ளைக்கண்ணியும் மலையில் வாழும் வெள்ளைக்கண்ணியும்

இலங்கை வெள்ளைக்கண்ணி என்ற மலைக்குருவி பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வவுனியா: அண்ணை, முருங்கை பூத்தால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சைக் குருவிகள் கூட்டமாக வருகின்றன. நுவரெலியாவில் இருப்பதும் இதுதானா?

இல்லை தங்கச்சி, உங்களிடம் வருவது சாதாரண வெள்ளைக்கண்ணி. இந்தியாவிலும் உண்டு. இலங்கை வெள்ளைக்கண்ணி நம் நாட்டு மலைப்பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்ற பறவையியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

வளையத்தை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டுக்கும் உண்டு. முதுகைப் பாருங்கள். முருங்கையில் வருவது பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சை. மலையில் இருப்பது மங்கிய பாசிப்பச்சை. உடம்பும் அலகும் சற்றுப் பெரியவை, நீளம் 11 சென்டிமீட்டர் அளவு.

மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு விடியற்காலை, பத்தடி தூரத்து மரம் கூட மூடுபனியில் தெரியவில்லை. முதலில் மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் வந்தன. அப்புறம் சிவப்பு ரொடோடென்ட்ரான் பூக்கொத்தில் ஒரு குருவி தலைகீழாகத் தொங்கியது. பூவுக்குள் அலகை விட்டு எடுத்தபோது நெற்றியில் மகரந்தம் அப்பியிருந்தது. கண்வளையம் முழு வட்டமில்லை, அலகுப் பக்கம் கறுப்பு வெட்டுகிறது என்று அன்றுதான் கவனித்தேன்.

கிளிநொச்சி: எங்கள் வளவிலும் வளையம் போட்ட குருவி. மலைக்குருவியா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

முள்ளியவளை: ஒரு சோடி பிடித்துக் கூட்டில் வளர்க்கலாமா?

கூடாது தம்பி. பூச்சியும் தேனும் பழமும் தேடித் தின்னும் குருவி, கூண்டில் வாடிச் சாகும். 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் கூட. மரத்தில் கூடு கண்டாலும் கிட்டப் போய்ப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒட்டுசுட்டான்: மயில் நெல்லை அழிக்கிறது, என்ன செய்வது?

என் துறை இல்லை ஐயா. கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

மாங்குளம்: கார்த்திகையில் எங்கள் காடும் ஈரம்தான், பனியும் மூடுகிறது. மலைக்குருவி ஏன் வராது?

மலையில் முகிலே காட்டுக்குள் புகுந்து நிற்கிறது. மழை பெய்யாத நாளிலும் இலையிலும் பாசியிலும் மூடுபனி படிந்து சொட்டும். மரங்கள் குட்டையாக, முறுகி, பாசி போர்த்தி நிற்கும். நமக்கு மாரி மூன்று மாதம்தான், பிறகு பாலையும் வீரையும் முதிரையும் மாதக்கணக்கில் வெயிலைத் தாங்குகின்றன. அந்தக் குருவி பழகியது வேறு காடு.

மாங்குளம், மறுபடி: ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து வருகிறதே. சிறகிருந்தால் வரலாமே?

அது வலசைப் பறவை, ஐப்பசியில் வந்து சித்திரையில் திரும்பும். வெள்ளைக்கண்ணி பிறந்த மலையிலேயே வாழும். இங்கே சிறகு பிரச்சினையில்லை, காடுதான்.

முல்லைத்தீவு: மாங்குளத்து அண்ணை சொல்வது சரி. மலைக்குருவியைக் குளக்கரையில் கண்டதாக அப்பா சொன்னவர்.

அப்பா கண்டது மாம்பழச் சிட்டாக இருக்கலாம், அதிலும் மஞ்சளும் பச்சையும் உண்டு. ஆனால் சிறகில் வெள்ளைப் பட்டை இருக்கும். கண்வளையம் இருக்காது.

இந்த வாதத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. 'எங்கும் போய்ப் பிழைக்கும்' என்று நினைத்தால் அந்தக் காட்டைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டோம். சூடு கூடினால் குருவி மேலே ஏறலாம். ஆனால் நாட்டின் உச்சியே பிதுருதலாகலை, 2,524 மீட்டர். அதற்கு மேல் மலை இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போய் நிற்பதை நானே பார்த்தேன்.

புதுக்குடியிருப்பு: எங்கள் முருங்கையில்...

சாதாரண வெள்ளைக்கண்ணி. மூன்றாம் முறை எழுதுகிறேன், முதுகைப் பாருங்கள்.

செட்டிகுளம்: பிள்ளைகளுக்கு மலைக்குருவியைக் காட்ட எங்கே போகலாம்?

ஹோர்ட்டன் சமவெளிக்குத்தான் ஏற வேண்டுமென்றில்லை அக்கா. நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் ஹக்கலை தாவரவியல் பூங்காவிலும் பார்க்கலாம். தை முதல் பங்குனி வரை மழை குறைவு. திறந்தவுடன் உள்ளே போங்கள், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை போடுங்கள்.