செயின்சா கார்புரேட்டர்: எந்தத் திருகை, எப்போது திருகுவது?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மரங்களை அறுப்பதற்கு டூ-ஸ்ட்ரோக் செயின்சா வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் அது இழுவை குறைந்து புகை தள்ளியதால், பட்டறையில் கொடுத்துக் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி) திருகுகளைச் சரிசெய்தோம், நன்றாக ஓடியது. சென்ற வாரம் ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டியதிலிருந்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அணைந்துவிடுகிறது. முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் கீச்சென்று கத்துகிறது. மரத்தில் வைத்தால் வலு இல்லை. எதைத் திருக வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில், இந்த நிலையில் அதைக் கொண்டு மரம் அறுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். செயின்சாவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்று தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்குகளையும் காக்கிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. நீங்கள் கேட்கும் அந்தக் கீச்சொலி வேகத்தின் அடையாளம் அன்று, பட்டினியின் அடையாளம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உராய்ந்து கீறிப் பிடித்துக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றி, அந்த வழியாகப் பிஸ்டனைப் பார்த்துவிடுங்கள். நெடுக்குக் கீறல்கள் தெரிந்தால் திருகுகளைத் தொடுவதில் பயனில்லை. மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். சீமைக் கருவேலத்தின் மரத்தூளும் நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் சேர்ந்து ஃபில்டரை அடைத்திருக்கின்றன. காற்று குறைந்ததால் பெட்ரோல் மிகுந்து புகை வந்தது. ஃபில்டரைப் பார்க்காமல் திருகை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்திருக்கிறார்கள். அடைபட்ட ஃபில்டருக்கு அந்த அளவு பொருந்தியது. நீங்கள் கழுவியதும் காற்று தாராளமாக வர, அதே அளவு போதாமல் போயிற்று. கழுவியதில் தவறே இல்லை. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது மட்டுமே திருகைத் தொட வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆகவே ஸ்பார்க் பிளக்கையும் டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் பார்த்துவிட்டு, பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். 40:1 என்றால் 25 மில்லி.

திருகுகள் மூன்று. எல் (L) என்பது மெதுவான ஓட்டத்துக்கும் வேகம் எடுப்பதற்கும், எச் (H) என்பது முழு வேகத்துக்கும் உரியவை; இரண்டையும் வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். டி (T) அல்லது எல்ஏ (LA) என்று குறித்திருப்பது ஐடிலிங் வேகத்துக்கு, அதாவது ஆக்ஸிலேட்டரை அழுத்தாதபோது ஓடும் வேகத்துக்கு மட்டும். எல், எச் இரண்டையும் மெதுவாக, இறுக்காமல், முட்டும்வரை உள்ளே திருகி, கையேட்டில் சொன்ன அளவு வெளியே எடுங்கள். பல மெஷின்களில் அது ஒரு சுற்றை ஒட்டியே இருக்கும். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எல் திருகை மெல்ல வலப்பக்கம் திருப்பி, ஓட்டம் உச்சத்துக்கு ஏறித் தளரத் தொடங்கும் இடத்தைக் கண்டுகொண்டு, அங்கிருந்து கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இடப்பக்கம் திருப்புங்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தும்போது தயங்காமல் வேகம் எடுத்தால் எல் சரி. பிறகு டி திருகால் ஐடிலிங்கில் செயின் அசையாதபடி வையுங்கள். செயின் தானாக ஓடும் மெஷினைக் கையில் பிடிப்பது உயிருக்கே ஆபத்து.

எச் திருகுக்குத்தான் நிதானம் வேண்டும். கூர்தீட்டிய செயின் மாட்டி, அருகில் ஆள் இல்லாத இடத்தில், செயின் பிரேக்கை விடுவித்துவிட்டு (பிரேக் பிடித்தபடி முழு வேகம் கொடுத்தால் கிளட்ச் கருகும்), சில நொடிகள் மட்டும் முழு வேகம் கொடுங்கள். சுத்தமான கீச்சொலிக்குப் பதிலாகக் கரகரவென்று சற்று உடைந்த ஒலி கேட்கும்வரை திருகை இடப்பக்கம் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒலி தெளிய வேண்டும். மறையாவிட்டால் பெட்ரோல் மிகுதி. ஒரு நூலளவு வலப்பக்கம் போதும். சந்தேகம் வந்தால் பெட்ரோல் சற்று மிகுதியாக இருக்கும்படியே விடுங்கள். கொஞ்சம் புகைவதால் மெஷின் சாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் இறங்காமல் நின்றாலோ, மெஷினைச் சாய்க்கும்போதெல்லாம் ஐடிலிங் மாறினாலோ, எங்கோ ஒரு சீல் அல்லது ரப்பர் இணைப்பு வழியாகக் காற்று புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைத் திருகால் மறைக்க முயல வேண்டாம்.

கேள்வி: சித்திரை வெயிலில் சரிசெய்த அளவு மார்கழி விடியலுக்கும் பொருந்துமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே திருகு நிலையில் காற்று கூடிப் பெட்ரோல் விகிதம் குறைந்துவிடும். ஆகவே மார்கழியில் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு எச் திருகின் ஒலியை மறுபடி கேட்டு, தேவைப்பட்டால் சிறிது இடப்பக்கம் திருப்புங்கள். வெயில் காலத்தில் புகை கூடினால், ஃபில்டரைப் பார்த்த பிறகு, திரும்பக் குறைத்துக்கொள்ளலாம்.